சம்பளம் இல்லாத சங்க வேலை தேவையா?

வணக்கம் சகோதரி. இங்கிலாந்தில் யூராலஜி (சிறுநீர் உறுப்பு நோய்கள்) வார்டில் 4 வருடம் வேலை, சிறப்புச் செவிலியர் பதவிக்கு முயற்சி, இதற்கு நடுவில் சங்கத் தன்னார்வப் பணிக்கு நேரம் ஒதுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஒதுக்குங்கள்.

ஆனால் முதலில் வார்டில் செய்முறைத் திறன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு வாரம் ஒன்றாக 6 வாரம் பிசிஜி மருந்தை (காசநோய்த் தடுப்பூசியில் இருப்பதே) சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவது, நோயாளி தானே கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட்டுக்கொள்ளக் கற்றுத்தருவது, அப்புறம் சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது). முதல்முறை தானே கதீட்டர் போடுபவரின் கூச்சத்தையும் பயத்தையும் போக்கத் தெரிந்தவர்தான் நல்ல சிறப்புச் செவிலியர். அந்தப் பொறுமையை நேர்காணலில் தயங்காமல் சொல்லுங்கள்.

சங்கம் என்றால் பிரிட்டிஷ் யூராலஜி செவிலியர் சங்கமும், 2000-ல் தொடங்கிய ஐரோப்பிய சங்கமும் இருக்கின்றன. கதீட்டர் பராமரிப்புக்கு ஐரோப்பிய சங்கம் வெளியிடும் வழிகாட்டிகளை எழுதுவதே நம்மைப் போன்ற செவிலியர்கள்தான். நானும் சிறிய குழுவில்தான் தொடங்கினேன். “ஏன் இப்படிச் செய்கிறோம்?” என்று ஆதாரத்தோடு கேட்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

செவிலியர் பதிவைப் புதுப்பிக்க 3 வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரக் கற்றல் காட்ட வேண்டுமே, சங்கத்தில் கற்பதை அதிலும் சேர்க்கலாம். சேரும் முன் மேலாளரிடம் பேசி, கூட்ட நாட்களுக்குப் படிப்பு விடுப்பு கேளுங்கள்.