பென்சிலால் முற்றுப்புள்ளி வைத்த ரீச்சர்

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஏழு பேர். முற்றுப்புள்ளியே இல்லாத ஒரு நாவல் எனக்கு மிகவும் பிடித்துப்போய், அதைச் சுற்றுக்கு விட்டேன். ஒருவர் "சுப்பர்" என்றார். அவர் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் ஒன்பதாம் பக்கத்திலேயே கிடந்தது. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பென்சிலால் முற்றுப்புள்ளி வைத்துத் திருப்பித் தந்தார். மாமா, "உதெல்லாம் வெள்ளைக்காரன்ர விளையாட்டு" என்று திறக்கவே இல்லை. ரசனை இல்லாத ஊரிலா இருக்கிறேன்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: ஊரைத் திட்டாதீர்கள், தங்கச்சி.

முதலில் மாமா. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் என்றால் "நிரைகழல் அரவம்" பதிகம் அவர் வாயில் நிற்கும். அதைப் பாடிய சம்பந்தர்தான் திருமாலைமாற்றும் பாடினார். இரண்டும் மூன்றாம் திருமுறைதான். "யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா" என்ற முதலடியைக் கடைசி எழுத்திலிருந்து பின்னுக்கு வாசித்தால் இரண்டாமடி வரும். இதில் வெள்ளைக்காரன் எங்கே வந்தான் என்று கேளுங்கள்.

"சுப்பர்"காரரை விடுங்கள். கச்சான் சுற்றின பேப்பரைக் கடற்கரையில் மான் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். பாராட்டில் அந்த வகையும் உண்டு.

எனக்கு முக்கியம் ரீச்சர்தான். எத்தனையாம் பக்கம் வரை புள்ளி இருக்கிறது? நீங்கள் எழுதவில்லை. கடைசி வரை இருந்தால், உங்கள் ஏழு பேரில் அந்த நாவலை வசனம் வசனமாக வாசித்தவர் அவர் ஒருவர்தான். உங்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு வசனம் எங்கே முடிகிறது என்று தீர்மானிக்காமல் புள்ளி வைக்க ஏலாது.

1969இல் ஜோர்ஜ் பெரெக் பிரெஞ்சில் ஒரு நாவல் வெளியிட்டார். பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் உயிரெழுத்தான e அதில் ஓரிடத்திலும் இல்லை. அது வந்த நேரம் மதிப்புரை எழுதிய ஒருவரே அதைக் கவனிக்கவில்லை. உங்கள் ரீச்சர் என்றால் முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பார். நானும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் அப்பா என்று எழுத முடியாது, அம்மா என்று எழுத முடியாது, பெரெக் என்று தன் பெயரைக்கூட எழுத முடியாது. தகப்பன் 1940இல் போர்முனையில் செத்தார். தாயை 1943இல் நாஜிகள் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. நாவலின் தலைப்பைத் தமிழில் 'காணாமற்போதல்' என்று சொல்லலாம். நம்முடைய பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அதற்காக எல்லாக் கோணல் புத்தகத்துக்குள்ளும் இப்படி ஒன்று இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். வெறும் சேட்டையாக எழுதப்பட்டவை நிறைய.

உங்கள் நாவல் எந்த வகை? பார்க்கிற வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு பக்கத்தைத் தான் வைத்த புள்ளிகளில் நின்று நின்று வாசிக்கும்படி ரீச்சரைக் கேளுங்கள். பிறகு அதே பக்கத்தை எங்கும் நிறுத்தாமல் நீங்கள் வாசியுங்கள். புள்ளி வைத்ததால் ஏதாவது போய்விட்டதென்றால் எல்லாருடைய காதுக்கும் தெரியும். மாமாவையும் கூப்பிடுங்கள், காதால் கேட்கப் புத்தகம் திறக்கத் தேவையில்லை. ஒன்றும் போகவில்லை என்றால் ரீச்சர் செய்தது சரி, எழுத்தாளர் செய்ததுதான் பிழை.

எதுவானாலும் அந்தப் பென்சில் புள்ளிகளை அழித்துவிடாதீர்கள். அந்தப் பிரதியை எனக்கு ஒரு கிழமைக்கு இரவல் தாருங்கள். தபால் செலவு என்னுடையது.