கதை பிடிக்கவில்லை; படம் வரைந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: ரசிகர் புனைவுக்கான (பிடித்த படைப்பின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான) ‘பிக் பேங்’ ஒன்றில் ஓவியராகச் சேர்ந்திருக்கிறேன். எழுத்தாளர்கள் நீள்கதை எழுத, ஓவியர்கள் அதற்குப் படம் வரைந்து, இரண்டையும் சேர்த்து வெளியிடும் நிகழ்வு அது. எழுதியவர் பெயரில்லாத கதைச் சுருக்கங்களின் பட்டியலில் 120 சொல் படித்து ஒரு கதையைத் தேர்ந்தெடுத்தேன். வரைவு வந்ததும் ஏமாற்றமாகிவிட்டது. 22,000 சொற்களில் பாதி வெறும் பேச்சு. பாத்திரங்களும் மூலக்கதையில் நாம் பார்த்த ஆட்களாகத் தெரியவில்லை. வெளியீட்டுக்கு ஆறு வாரம் இருக்கிறது. விலகிக்கொள்ளலாமா? இல்லையென்றால் எதை வரைவது?

பதில்: விலகாதீர்கள். கதை சுமார் என்பது விலகுவதற்குக் காரணமாகாது. நீங்கள் போனால் நிகழ்வை நடத்தும் மாடரேட்டர்கள் ‘பிஞ்ச் ஹிட்டர்’ எனப்படும் மாற்று ஓவியரை அவசரமாகத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், மாதக்கணக்கில் எழுதியவர் படமில்லாமல் நிற்பார். கதை பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லவும் வேண்டாம். நீங்கள் அங்கே ஓவியர். குறை நிறை சொல்ல அவருக்கு பீட்டா வாசகர் தனியாக இருப்பார்.

உங்கள் கைக்கு வந்திருப்பது வரைவு என்பதை மறந்துவிடாதீர்கள். ஓவியர்கள் கதையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் முக்கால் பங்கு எழுதி முடித்திருந்தால் போதும் என்பதுதான் பல நிகழ்வுகளில் விதி. பீட்டா திருத்தம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நடக்கும். உங்களைச் சலிப்பூட்டிய உரையாடல் பாதியாக வெட்டப்படலாம். நீங்கள் ஆசையாக வரைந்து முடித்த காட்சியும் சேர்ந்தே போகலாம். ஆகவே எழுத்தாளருக்கு எழுதும் முதல் செய்தியிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இனி மாறாத காட்சிகள் எவை? நீங்கள் முதன்முதலில் எழுதிய காட்சி எது?

இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். சுமாரான நீள்கதை பல நேரம் ஒரே ஒரு காட்சியிலிருந்து முளைத்திருக்கும். மழையில் பூட்டிய கதவு முன் நிற்கும் ஒருத்தி, காயத்துக்குக் கட்டுப் போடும் இரண்டு கைகள், இப்படி ஏதோ ஒன்று எழுதியவர் மனத்தில் முதலில் விழுந்திருக்கும். மற்றதெல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேரப் போட்ட பாதை. பாதை மோசமாக இருக்கலாம், போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை வரையுங்கள்.

அந்தக் காட்சியும் கைகொடுக்காவிட்டால் வரைவை இரண்டாம் முறை வேறு விதமாகப் படியுங்கள். கதையோட்டத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் பொருள்களை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள்: விளக்கு, கோப்பை, சன்னல், கோட்டு, தழும்பு. 22,000 சொல்லில் இருபது பொருளாவது தேறும். ஒரே பொருள் மூன்று இடத்தில் வந்தால் அதுதான் உங்கள் படம். பேச்சு மட்டுமே நிறைந்த கதையில் பேசும் முகங்களை வரையாதீர்கள், எந்தக் கதைக்கும் ஒட்டக்கூடிய படமாகப் போய்விடும். பேச்சு நடக்கும் அறையை வரையுங்கள். அறை எழுதப்படவில்லையா? நேரம் என்ன, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மேசையில் என்ன இருக்கிறது, யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று எழுத்தாளரிடம் கேளுங்கள். இப்படிக் கேட்டதாலேயே அந்தப் பத்தியைத் திருத்தி எழுதிய எழுத்தாளர்கள் உண்டு. விமர்சனம் செய்யாமலே கதைக்கு உதவ உங்களுக்கு இருக்கும் நேர்மையான வழி இது.

பாத்திரம் மூலக்கதையில் உள்ளபடி இல்லை என்ற எரிச்சலில் படத்தில் அதைச் ‘சரிசெய்ய’ இறங்காதீர்கள். கதையில் அழுதுகொண்டே இருப்பவனைப் படத்தில் விறைப்பாக நிறுத்தினால் கதையும் படமும் ஒன்றையொன்று மறுக்கும். அவன் வாய் திறக்காத ஒரு நொடி எந்தக் கதையிலும் இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள்.

தீப்பெட்டி அளவில் ஆறு சிறு வரைவுகள் போட்டு, நல்ல இரண்டை மட்டும் அனுப்புங்கள். ஆறையும் அனுப்பினால் நீங்கள் வரைய விரும்பாத ஒன்று தேர்வாகும். கண் நிறம், முடி நீளம், தழும்பு இடமா வலமா என்பதையெல்லாம் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தாளரின் கண்ணில் முதலில் படும் பிழை அங்கேதான் இருக்கும். கருத்துக் கேட்பது இரண்டு கட்டம் போதும், பென்சில் வரைவில் ஒன்று, வண்ணம் இட்டதும் ஒன்று. மனம் ஒட்டாத கதைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று முன்கூட்டியே வரம்பு வைத்துக்கொண்டால் கசப்பு வராது. 3000 பிக்சல் அகலத்தில் வரைந்து, 1200 பிக்சலுக்குக் குறைத்து, 1 எம்பிக்குள் ஜேபெக் ஆக்குங்கள். படம் கதையின் தொடக்கத்தில் வரப்போகிறது என்றால் முடிவைக் காட்டிக்கொடுக்கும் காட்சி வேண்டாம்.

உங்களை இந்த நிலையில் நிறுத்தியது நிகழ்வு நடத்துவோரின் முறை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயரை மறைப்பது நியாயமே. இல்லாவிட்டால் புகழ்பெற்ற எழுத்தாளர்களின் கதைகள் முதல் நிமிடத்தில் போய்விடும், புதியவர்களை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் சுருக்கத்தோடு கதையிலிருந்து 500 சொல் மாதிரியும் ஏன் தரக்கூடாது? உரையாடல் மிகுந்த கதை என்பது அரைப் பக்கத்தில் தெரிந்துவிடுமே. இதை ஓவியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆண்டு தவறாமல் அதே 120 சொல்தான், முந்தியவருக்கே என்ற அதே படிவம்தான். நிகழ்வு முடிந்ததும் கருத்துப் படிவம் வரும், அதில் கட்டாயம் எழுதுங்கள்.

விலகலாம் என்று நான் சொல்லும் இடம் ஒன்று உண்டு: பட்டியலில் சொல்லாத உள்ளடக்கம் வரைவில் இருந்தால். இதில் பலரும் தடுமாறுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரசிகர் புனைவுகளை வெளியிடும் ஏஓ3 (Archive of Our Own) தளத்தில் கட்டாய எச்சரிக்கை வகைகள் நான்கு: கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வன்புணர்வு, வயது வராதோர் தொடர்பான பாலுறவு. இவற்றோடு வேறு இரண்டு குறிப்புகளும் உண்டு. ‘எந்த எச்சரிக்கையும் பொருந்தாது’ என்பது ஒன்று. ‘எச்சரிக்கை தருவதில்லை என எழுதியவர் முடிவு செய்துள்ளார்’ என்பது மற்றது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், பொருள் நேரெதிர். முன்னது, அந்த நான்கும் கதையில் இல்லை என்ற வாக்கு. பின்னது, நான்கில் எதுவும் இருக்கலாம் என்ற அறிவிப்பு. நிகழ்வுப் பட்டியல்களும் பெரும்பாலும் இதே சொற்களைத்தான் பயன்படுத்துகின்றன. முன்னது இருந்த கதையில் வன்புணர்வுக் காட்சி வந்தால் நீங்கள் தாராளமாக விலகலாம். பட்டியலின் அந்த வரியைப் படமெடுத்து, வரைவின் பக்க எண்ணோடு மாடரேட்டருக்குத் தனியாக மூன்று வரி எழுதினால் போதும். பின்னது இருந்திருந்தால், ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. வேறு ஓவியரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கத்தான் முடியும். அடுத்த முறை தேர்ந்தெடுக்கும் முன்பே இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

இனி வெளியீடு. ஏஓ3 படங்களைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. வேறிடத்தில் ஏற்றி இணைப்புத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு டிஸ்கார்டில் போட்ட படத்தின் இணைப்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், 24 மணி நேரத்தில் அது வெளியே செத்துப்போகும். இலவசத் தளங்களும் நிரந்தரம் இல்லை. ஃபோட்டோபக்கெட் 2017இல் பிற தளங்களில் படம் காட்டக் கட்டணம் கேட்டபோது ஆயிரக்கணக்கான பக்கங்களில் படங்கள் மறைந்தன. 2023இல் இமேஜர் கணக்கில்லாமல் ஏற்றப்பட்ட பழைய படங்களை நீக்கியது. உங்கள் பெயரில் கணக்குத் திறந்து ஏற்றுங்கள். மூலக்கோப்பு உங்கள் வன்வட்டில் இருக்கட்டும். பார்வையற்ற வாசகருக்காகப் படத்தை விவரிக்கும் மாற்று உரை ஒரு வரியாவது சேருங்கள்.

கதைக்குள் படத்தைப் பதிப்பதோடு நிறுத்தாமல் உங்கள் கணக்கில் தனிப் படைப்பாகவும் வெளியிட்டு, ‘இந்தக் கதையால் தூண்டப்பட்டது’ என்ற இடத்தில் கதையின் முகவரியைக் கொடுங்கள். எழுத்தாளர் நாளை கதையை நீக்கினாலும் படம் நிற்கும். உங்களுக்கு மனம் ஒட்டாத கதை என்பதால் இது இன்னும் அவசியம்.

மோசடிக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஏஓ3 கதைகளின் கீழ் ‘அருமையான கதை, இதைப் படக்கதையாக வரைய ஆசை, டிஸ்கார்டில் பேசலாமா’ என்று கருத்து விடுபவர்கள் இப்போது ஏராளம். நயமாகப் பேசிக் கடைசியில் பணம் கேட்பார்கள். பல நேரம் அவர்கள் காட்டும் படங்களே திருட்டு. உங்கள் எழுத்தாளருக்கும் அப்படி ஒன்று வரும், நிகழ்வின் ஓவியர் என்று சொல்லிக்கொண்டேகூட வரும். எனவே முதல் செய்தியிலேயே உங்கள் கணக்குப் பெயரைச் சொல்லி, இந்தப் படம் அன்பளிப்பு, யாருக்கும் ஒரு காசும் தர வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். நீங்களும் ஏஓ3 குறிப்பில் கோ-ஃபை, பேட்ரியான் போன்ற பணம் திரட்டும் தளங்களின் இணைப்பு வைக்காதீர்கள். அங்கே வணிக விளம்பரம் விதிமீறல், புகார் வந்தால் பாதிக்கப்படுவது உங்கள் கணக்கு.

கெடு நேரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 11.59 என்று அறிவித்திருந்தால், அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கு அது மறுநாள் காலை 9.29, குளிர்காலத்தில் 10.29.