5 அடி 2 அங்குல உயரம், இதுவரை ஸ்கூட்டர் மட்டும்தான்: முதல் கியர் வண்டியாகச் சின்ன க்ரூஸர் சரிவருமா?

கேட்டவர் காங்கேயத்துப் பெண், வயது 24. வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில். ஆக்டிவா நன்றாக ஓட்டுவார், கியர் வண்டி தொட்டதில்லை. க்ரூஸர் என்றால் தாழ்வாக உட்கார்ந்து கால் முன்னால் நீட்டி ஓட்டும் வண்டி. அதில் பஜாஜ் அவெஞ்சரா, ராயல் என்ஃபீல்டு மீட்டியரா என்பது கேள்வி. அப்பா ஸ்ப்ளெண்டர் வாங்கச் சொல்கிறாராம்.

தாராளமாக வாங்கலாமுங்க. எனக்கும் ஏறக்குறைய உங்கள் உயரம்தான். இருப்பது உடுமலை. நான் கியர் பழகியதே செகண்ட் ஹேண்டில் வாங்கிய அவெஞ்சர் 160 ஸ்ட்ரீட்டில்தான், இன்னமும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கொழுந்தனாரிடம் மீட்டியர் 350 இருக்கிறது, கேட்டால் சாவி கொடுத்துவிடுவார். அதனால் இரண்டையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும். வாங்கிய புதிதில் எங்கள் மாமனார் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, இதுல பால் கேனை எங்க கட்டறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றுவரை அதற்குப் பதில் கிடையாது, கட்ட முடியாது.

முதலில் உயரக் கணக்கு. எல்லோரும் சீட் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். அவெஞ்சர் 737 மில்லிமீட்டர், மீட்டியர் 765. நீங்கள் ஓட்டும் ஆக்டிவாவும் மீட்டியர் உயரம்தான், ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். அப்பா சொல்லும் ஸ்ப்ளெண்டர் 785. ஆக, கால் ஊன்றுவது ஒன்றுதான் கவலை என்றால் இந்த நான்கில் உங்களுக்கு உயரமான வண்டி ஸ்ப்ளெண்டர்தான், இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் அவர் மனதில் வேறு கணக்கு இருக்கலாம். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ஆக்டிவா அதைவிடக் கொஞ்சம் குறைவு. அவெஞ்சர் 160 கிலோவை ஒட்டி வரும். மீட்டியர் 191. ஓடும்போது இந்த எடை தெரியாது. நிற்கும்போதும், இறங்கித் தள்ளும்போதும்தான் தெரியும்.

அதனால் ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேட்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, வண்டி மேல் உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். சமதளத்தில் எல்லோருக்கும் வரும். ஷோரூம் வாசலில் ஒரு சரிவு இருக்குமே, அதில் முன்சக்கரத்தை இறக்கிவிட்டுப் பின்னால் ஏற்றிப் பாருங்கள். பிறகு கீழே இறங்கி நின்று, ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் போர்டிகோ ரோட்டைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கும், தினமும் காலையில் இந்த வேலைதான். கம்பெனி பார்க்கிங்கில் பக்கத்து வண்டிகளுக்கு நடுவிலிருந்து எடுக்கவும் இதுதான் வேண்டும். நான் மீட்டியரை வெளியே தனியாக எடுத்தால் நிறுத்தும் இடத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவேன், மூக்கு பள்ளத்தைப் பார்த்திருந்தால் பின்னால் இழுக்க யாரையாவது கூப்பிட வேண்டிவரும். அவெஞ்சரில் அந்தத் தொல்லை இல்லை.

"350 சிசி எல்லாம் பழகுபவருக்கு ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மீட்டியரின் சக்தி 20 குதிரைத்திறன்தான், அவெஞ்சர் 220-உம் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆனால் மீட்டியர் 27 நியூட்டன் மீட்டர் இழுவையை 4000 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். கிளட்சை விட்டால் ஆக்சிலேட்டர் கொடுக்காமலே மெல்ல உருண்டு போகும், புதிதாகப் பழகுபவர் கிளட்சைச் சட்டென்று விட்டாலும் எளிதில் ஆஃப் ஆகாது. 160-இல் கொஞ்சம் ஆர்பிஎம் ஏற்றித்தான் கிளட்ச் விட வேண்டும், முதலில் சிக்னலில் ஆஃப் ஆகும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். கிளட்ச் பழக 350 எளிது, தள்ளவும் திருப்பவும் 160 எளிது. உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கும் என்பதுதான் கேள்வி. கிளட்ச் பழகிவிடும், உடம்பு எடை கூடப்போவதில்லை.

திருப்புவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் க்ரூஸரில் புதியவர்கள் விழுவது பெரும்பாலும் யூ-டர்னில்தான், அதுவும் நடந்து போகும் வேகத்தில். ஆக்டிவாவின் இரண்டு சக்கரத்துக்கும் இடையே 1260 மில்லிமீட்டர். மீட்டியரில் 1400. அவெஞ்சரில் அதையும் தாண்டி 1480-ஐ ஒட்டி வரும். மாட்டு வண்டியைத் திருப்புவது போல இடம் கேட்கும். போதாததற்கு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சாய்ந்து நிற்கும் அமைப்பு, ஹேண்டிலை முழுக்க ஒடித்தால் முன்சக்கரம் தானாகவே உள்பக்கம் விழப் பார்க்கும். கால்கள் முன்னால் நீட்டியிருப்பதால் தடுமாறும்போது ஸ்கூட்டர் மாதிரி சட்டென்று ஊன்றவும் வராது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் கியர், ஹாஃப் கிளட்ச் (பாதி விட்ட நிலை), ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, வலது காலால் பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே திருப்புங்கள். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கிளட்சும் பின் பிரேக்கும்தான். ஹேண்டில் ஒடிந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது, தொட்டால் அந்தப் பக்கமே உட்காரும். பார்வை கீழே வேண்டாம், போய்ச் சேர வேண்டிய திசையில் இருக்கட்டும். உங்கள் ஊரில்தான் கொப்பரை காயப்போடும் சிமெண்ட் களங்கள் இருக்கின்றனவே. மழை நாளில் காலியாகக் கிடக்கும், தெரிந்தவர் களமாகப் பார்த்துக் கேட்டு, தரை உலர்ந்த நேரத்தில் அங்கே எட்டு போட்டுப் பழகுங்கள்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு மட்டும் க்ரூஸரைக் கொண்டுபோக வேண்டாம். பயிற்சிப் பள்ளியின் சின்னக் கியர் வண்டி போதும். நம் நாட்டில் கியர் வண்டி லைசென்ஸில் சிசி வாரியாகப் பிரிவு கிடையாது, 100 சிசியில் எட்டு போட்டு வாங்கினாலும் 350 ஓட்டலாம். ஆனால் ஸ்கூட்டரில் டெஸ்ட் கொடுத்தால் கியர் இல்லாத வண்டிக்குத்தான் கிடைக்கும். உங்களிடம் இப்போது இருக்கும் லைசென்ஸ் எந்த வகை என்று எடுத்துப் பாருங்கள். கியர் இல்லாத வகை என்றால் மறுபடி எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போட வேண்டும். அது ஆறு மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். அதுவரை முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' பலகை ஒட்டுங்கள். சொல்லிக்கொடுக்க வரும் லைசென்ஸ்காரரைத் தவிர பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது.

அடுத்தது ரோடு. காங்கேயம் - திருப்பூர் பெரிய ரோடு உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. உள்ளூர் ரோடுகளில் கோடு போடாத வேகத்தடைகள்தான் எமன். ஸ்ப்ளெண்டரில் பெடலில் நின்று லேசாக எழுந்துகொள்ளலாம். க்ரூஸரில் கால் முன்னால் இருப்பதால் எழ முடியாது, வருகிற அடி முழுதும் முதுகுத்தண்டுக்குத்தான். தரை இடைவெளி அவெஞ்சரிலும் மீட்டியரிலும் 170 மில்லிமீட்டரை ஒட்டி வரும், ஸ்ப்ளெண்டரைவிடக் குறைவில்லை. ஆனாலும் வண்டி நீளமாக இருப்பதால் கூம்பு மாதிரி போட்ட வேகத்தடையில் வயிறு உரசும், பின்னால் ஆள் இருந்தால் கண்டிப்பாக. பல்லடம், காரணம்பேட்டைப் பக்கம் கிரஷர் லாரிகள் சிந்திய ஜல்லியைப் பார்த்திருப்பீர்கள், பதற்றத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் புதியவருக்கு ஏபிஎஸ், அதாவது சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இருந்தே ஆக வேண்டும்.

125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். பழைய வண்டி பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. அவெஞ்சர் ஸ்ட்ரீட்டில் 2015-இல் 150 வந்தது, 2018-இல் 180 வந்தது, இரண்டும் விலை மலிவாகக் கிடைக்கும், ஏபிஎஸ் இருக்காது. 2019-க்குப் பிந்தைய 160 அல்லது 220 பாருங்கள். இவற்றில் முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ், பின்னால் டிரம் பிரேக். மீட்டியரில் இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், இரண்டுக்கும் ஏபிஎஸ். இந்த ஒரு விஷயத்தில் மீட்டியர் சந்தேகமில்லாமல் மேல்.

காற்றிலும் அதற்குத்தான் என் ஓட்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வீசும் காற்று தாராபுரம் வரைக்கும் தெரியும். பூளவாடி, கேத்தனூர் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, வண்டி அரை ஆள் அகலம் நகரும். எடை உள்ள வண்டி அவ்வளவாக ஆடாது. லாரியைத் தாண்டும் வரை காற்று மறைந்திருக்கும், தாண்டியதும் பக்கவாட்டில் ஒரு தள்ளு வரும், அதை எதிர்பார்த்தே தாண்டுங்கள். ஹேண்டிலை இறுக்கப் பிடிக்காமல் தோளைத் தளர்த்திக்கொண்டால் வண்டி தானே நேராகும். அவெஞ்சர் 220 க்ரூஸில் பெரிய கண்ணாடி வைத்திருப்பார்கள், எதிர்க்காற்றுக்குச் சுகம், பக்கக் காற்றுக்கு அதுவே ஒரு பாய்மரம். அதில் ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர் வேறு, பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஸ்ட்ரீட் வகையே எனக்குப் பிடித்தது.

வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுக்கு எப்போது போகலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். யூ-டர்ன் கால் ஊன்றாமல் வந்த பிறகு. ஆழியாறு வரை போய் மீன் தின்றுவிட்டுத் திரும்பினாலும் நல்ல பயணம்தான்.

மற்ற வண்டிகளில் ராயல் என்ஃபீல்டின் ஹன்டர் 350 குட்டையாகத் தெரியும், ஆனால் சீட் 790, க்ரூஸரும் இல்லை. டிவிஎஸ் ரோனினும் 795. ஜாவா 42 பாபர் 740-தான், அழகும் கூட, ஒற்றை சீட் வண்டி, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக ஆகாது.

பெட்ரோல் செலவில் அப்பா பக்கம்தான் நியாயம். ஸ்ப்ளெண்டர் 60-ஐத் தாண்டும் இடத்தில் அவெஞ்சர் 40-ஐ ஒட்டித்தான் கொடுக்கும், மீட்டியர் அதற்கும் கீழே. விலையில் ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. மீட்டியர் 349 என்பதால் கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பித்தது. எப்படியும் ஆன் ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஏபிஎஸ் உள்ள பழைய அவெஞ்சர் ஸ்ட்ரீட் ஒன்றைத் தேடுவேன். பல்சர் பார்க்கும் எந்தப் பட்டறையிலும் அதைப் பார்ப்பார்கள். சரிவில் தள்ளும் சோதனையில் மீட்டியர் உங்களுக்கு எளிதாக வந்தால், கையில் பணமும் இருந்தால், யோசிக்காமல் அதையே எடுங்கள்.

எதை எடுத்தாலும் லெக் கார்டு போட்டுவிட்டே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வண்டி படுத்துவிட்டால் குனிந்து இழுக்க வேண்டாம், இடுப்பு போய்விடும். சாவியை அணைத்து, முடிந்தால் கியரில் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி சீட்டில் சாய்ந்து, ஒரு கையில் ஹேண்டிலும் மறு கையில் பின்கம்பியும் பிடித்து, காலால் பின்னோக்கி உந்தி எழுப்புங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் படுத்துக்கொள்ளும்.