பின் ஏசியில் கோடு வந்தால் ஆக்சுவேட்டரை மாற்றியே ஆகணுமா?

கேட்டவர் தண்டையார்பேட்டைக்காரர். ஏழு சீட் கார், பின்பக்கத்துக்குத் தனி டெம்பரேச்சர் செட்டிங் உண்டு. முன்னால் ஏசி ஜில்லென்று வருகிறது, பின்னால் வெதுவெதுப்பான காற்றுதான். ஸ்கேன் பண்ணியதில் பின்பக்க டெம்பரேச்சர் ஆக்சுவேட்டர் (குளிர்காற்று, சூடுகாற்று மாற்றும் ஃப்ளாப் என்ற சின்னக் கதவை அசைக்கும் மோட்டார்) சர்க்யூட் என்று ஒரு பி (B) கோடு, அதாவது கோளாறு எண், அதன் வாலில் 13. கடையில் ஆக்சுவேட்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். அந்த 13-ஐப் பார்த்துத்தான் சொல்கிறேன். நான் வண்ணாரப்பேட்டைப் பக்கம் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறவன். பி என்று தொடங்கும் கோடுகளில் முன்னால் இருக்கும் எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், வாலை யாரும் படிப்பதில்லை. விஷயமே வாலில்தான் இருக்கிறது. 11 என்றால் ஒயர் எர்த்தில் ஷார்ட், 12 என்றால் பாசிட்டிவில் ஷார்ட், 13 என்றால் சர்க்யூட் ஓப்பன். 71 வந்தால் ஆக்சுவேட்டர் இறுகி நிற்கிறது, 77 வந்தால் போகச் சொன்ன இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை. உங்களுக்கு 71-ஓ 77-ஓ வந்திருந்தால் கடைக்காரர் பேச்சில் நியாயம் உண்டு. 13 சொல்வது ஒன்றுதான்: எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அது மோட்டாருக்குள்ளா, கப்ளரிலா (ஒயர்களைச் சேர்க்கும் கனெக்டர்), வழியில் ஒயரிலா என்று ஏசி கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தான் அனுப்பியது திரும்பி வரவில்லை என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

நம்ம ஏரியாவில் நான் முதலில் சந்தேகப்படுவது கப்ளரைத்தான். திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கம் ராத்திரி வெளியில் நிற்கும் வண்டிகளைப் பிரித்துப் பாருங்கள். செம்புப் பின்னில் பச்சை பூத்திருக்கும், அலுமினியத்தில் வெள்ளைத் தூள். உப்புக்காற்று ஒரு பக்கம், மழைத்தண்ணீர் இன்னொரு பக்கம். இந்த மாதிரி கார்கள் பலவற்றில் பின் ஏசி யூனிட் பின்சக்கரத்துக்கு மேலே, பக்கவாட்டு ட்ரிம்முக்குள் (உள்பக்க பிளாஸ்டிக் மூடி) இருக்கும். வியாசர்பாடி கணேசபுரம் சப்வே மாதிரி இடத்தில் தேங்கின தண்ணீரில் வண்டியை விட்டிருந்தாலோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வண்டி தண்ணீரில் நின்றிருந்தாலோ, தரையோடு போகும் ஒயரிங்கில் ஈரம் ஏறியிருக்கும். அது காய்ந்து வெகுநாள் கழித்துத்தான் தொல்லை கொடுக்கும். செகண்ட் ஹாண்டில் வாங்கின வண்டி என்றால் சந்தேகம் இன்னும் ஒரு படி கூட. அப்புறம் நடு சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவோம் இல்லையா, அந்த ரெயிலுக்கு அடியில் ஒயர் நசுங்கியிருப்பதும் உண்டு.

திருவொற்றியூரிலிருந்து ஒரு டிராவல்ஸ் வண்டி வந்தது. வேறு எங்கோ புது ஆக்சுவேட்டர் போட்டிருந்தார்கள், அதே கோடு திரும்பவும் எட்டிப் பார்த்தது. ட்ரிம்மைக் கழற்றினால் மோட்டாருக்கு அரையடி தள்ளி ஒரு கப்ளர், அதில் ஒரு பின் பச்சையாகிப் பொடிந்து கிடந்தது. புது மோட்டார் பாவம், அது என்ன செய்யும்.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில் கோடை அழியுங்கள். அதற்கு முன்னால் அது இப்போது இருக்கும் கோடா, பழைய ஹிஸ்டரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கிப்போன வண்டியில் சம்பந்தமில்லாத கோடுகள் பொழியும், அதனால் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் இருக்கிறதா, வண்டி ஓடும்போது 13.5-க்கு மேல் ஏறுகிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. ஆன்லைனில் வாங்கும் மலிவு புளூடூத் டாங்கிள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளோடு நின்றுவிடும், ஏசி மாட்யூலுக்குள் போகிற ஸ்கேனர் வேண்டும். இன்னொன்று: சில டொயோட்டா வண்டிகளில் பி1421 (B1421) என்று, வெயிலை அளக்கும் சோலார் சென்சாரின் கோடு, ஷெட்டுக்குள் இருட்டில் வைத்து ஸ்கேன் பண்ணினாலே வரும். வண்டியை வெயிலுக்குக் கொண்டுபோனால் போய்விடும். அதற்கும் சென்சார் மாற்றினவர்கள் இருக்கிறார்கள்.

அழித்த கோடு திரும்பி வந்தால் ட்ரிம்மைக் கழற்றி ஆக்சுவேட்டர் கப்ளரில் எத்தனை ஒயர் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து ஒயர் இருந்தால் இரண்டு மோட்டாருக்கு, மூன்று பொசிஷன் சொல்லும் பொட்டன்ஷியோமீட்டருக்கு. கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் பண்ணி, வண்டிப்பக்க முனையில் மல்டிமீட்டர் வைத்தால் ரெஃபரன்ஸ் ஒயருக்கும் அதன் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டவில்லையா, மோட்டாரைத் தொடவே வேண்டாம். தவறு ஒயரிங்கிலோ கன்ட்ரோல் யூனிட்டிலோதான். 5 வோல்ட் வந்தால் கப்ளரைத் திரும்ப மாட்டுங்கள். சிக்னல் ஒயரில் பின்னாலிருந்து மெல்லிய பின் நுழைத்து, டெம்பரேச்சரைக் குறைந்ததிலிருந்து அதிகத்துக்குக் கொண்டுபோங்கள். வோல்ட் சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் துள்ளினால் பொட்டன்ஷியோமீட்டருக்குள் டிராக் தேய்ந்துவிட்டது. கடகடவென்று சத்தம் மட்டும் வந்து வோல்ட் அசையாவிட்டால் பல்சக்கரம் போயிருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று என்றால் மாற்றத்தான் வேண்டும். மோட்டாரில் சத்தமே இல்லையென்றால் அந்த இரண்டு ஒயரில் செட்டிங்கை மாற்றும்போது கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார் காலி, வரவே இல்லை என்றால் மறுபடியும் ஒயரிங்தான்.

மூன்று நான்கு ஒயர் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் டேட்டா லைனில் பேசும் வகை, மேலே சொன்ன அளவு அதற்குப் பொருந்தாது. அதில் சப்ளையும் எர்த்தும் மட்டும் பார்த்துவிட்டு, மீதியை ஸ்கேனர் லைவ் டேட்டாவில் பாருங்கள். எந்த வகையானாலும் லைவ் டேட்டா ஓடும்போது ஒருவர் ஒயரைப் பிடித்து ஆட்ட, இன்னொருவர் எண்ணைப் பார்த்தால் லூஸ் எங்கே என்று பிடிபடும்.

கேஸ் ஏற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டாதீர்கள். கம்ப்ரஸர் ஒன்றுதான், பின்னால் தனி கூலிங் காயிலும் எக்ஸ்பான்ஷன் வால்வும் இருக்கும். முன்னால் நன்றாகக் குளிர்கிறது, பின்னால் வரும் தடித்த பைப்பும் தொட்டால் சில்லென்று வேர்த்திருக்கிறது என்றால் கேஸ் பிரச்சனை இல்லை. ஃப்ளாப் ஹீட்டர் பக்கம் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஃப்ளாப்பையும் ஆக்சுவேட்டரைக் கழற்றி ஒரு தடவை கையால் திருப்பிப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால் புது மோட்டாரும் சீக்கிரம் போய்விடும்.

கப்ளரில்தான் கோளாறு என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, தளர்ந்த டெர்மினலை இறுக்கி, டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினால் போதும். பின் பொடிந்திருந்தால் ஒயரை முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள், நம்ம காற்றில் அது அடுத்த மழை வரை தாங்காது. சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். மோட்டார்தான் என்று உறுதியாகி, புதுப்பேட்டையில் பழசு தேடுகிறீர்கள் என்றால் பழைய மோட்டாரைக் கையோடு எடுத்துப் போய், பார்ட் நம்பரும் பின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டினதும் ஸ்கேனரில் கேலிப்ரேஷன் (மோட்டார் எங்கிருந்து எங்கு வரை போகும் என்று பழக்குவது) ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மோட்டாரிலேயே 77 வரக்கூடும்.