எழுத்து ஆடுகிறது என்கிறான் மகன்: கோளாறு கண்ணிலா, வாசிப்பிலா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறோம். மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. 'கொடி' என்பதை 'கெடி' என்று படிக்கிறான். ஆங்கிலத்தில் சின்ன 'பி' (b), சின்ன 'டி' (d) இரண்டையும் மாற்றி எழுதுகிறான். வரி தாவுகிறது; கொஞ்ச நேரம் படித்தால் எழுத்து ஆடுகிறது என்கிறான். கண் பரிசோதனையில் 6/6. கலர் கண்ணாடியும் மூன்று மாதக் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும் என்று ஓரிடத்தில் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: கலர் கண்ணாடிக்குப் பணம் கட்டாதீர்கள், அம்மா. கண் பயிற்சி தேவையா என்பதை முழுமையான பரிசோதனைக்குப் பிறகு பார்க்கலாம்.

6/6 என்பது ஆறு மீட்டர் தூரத்தில் உள்ள எழுத்து தெரிகிறது என்று மட்டுமே சொல்கிறது. புத்தகம் இருப்பதோ ஓரடி தூரத்தில். குழந்தைகளின் கண் லென்ஸுக்கு வளையும் சக்தி அதிகம். அதனால் கிட்டப்பார்வைக்கு எதிரான தூரப்பார்வைப் பவர் இருந்தாலும், கண்ணை இறுக்கிச் சமாளித்து 6/6 படித்துவிடுவார்கள். சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்துப் பவர் பார்த்தால்தான் அது வெளியே வரும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், இந்தச் சோதனையோடு கிட்டத்தில் இரு கண்களும் ஒன்றாகக் குவிகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டிலேயே ஒரு முன்னோட்டம் செய்யலாம். பேனா முனையை 40 செ.மீ. தூரத்திலிருந்து மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவாருங்கள். முனை இரண்டாகத் தெரிகிறது என்று அவன் சொல்லும் இடத்தை, அல்லது ஒரு கண் வெளியே விலகும் இடத்தை, ஸ்கேலால் அளந்து பாருங்கள். சுமார் 6 செ.மீ. வரை குவிந்தால் நல்லது, 10 செ.மீ. தூரத்துக்கு வரும் முன்பே பிரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதைத்தான் ரிப்போர்ட்டில் 'கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி' என்று எழுதுவார்கள். எழுத்து ஆடுவதும் வரி தாவுவதும் இதனால் வரலாம்.

இதற்குப் பயிற்சி உண்மையிலேயே பலன் தருகிறது. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வில், 12 வாரம் கிளினிக்கில் பயிற்சி பெற்ற குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள். ஆனால் அதே குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், படித்துப் புரிந்துகொள்ளும் திறன் போலிப் பயிற்சி பெற்றவர்களைவிடக் கூடவில்லை. கண் வலி தீரும், எழுத்து நிலைக்கும், படிக்கக் கற்றுத்தராது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையும், கலர் லென்ஸும் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரமில்லை என்கிறது.

கண் கோளாறு, டிஸ்லெக்சியா இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. காலையில் நன்றாகப் படித்துவிட்டு 15, 20 நிமிடத்தில் குழம்புகிறானா? ஒரு கண்ணை மூடினால் எழுத்து நிற்கிறதா? அப்படியானால் கண்ணைச் சந்தேகியுங்கள். முதல் வரியிலேயே தடுமாறுகிறானா, கரும்பலகையில் பெரிதாக எழுதிய ஒற்றைச் சொல்லையும் தவறாகப் படிக்கிறானா, 'தபிமு' போன்ற பொருளற்ற சொல்லில் திணறுகிறானா, அதே பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டினால் சட்டென்று பதில் சொல்கிறானா? அப்படியானால் சிக்கல் ஒலியை எழுத்தோடு இணைப்பதில். டிஸ்லெக்சியாவின் மையம் பெரும்பாலும் இதுதான். சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

'பி', 'டி' மாறுவதைக் கண்டு அவனுக்கு எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்று நினைக்க வேண்டாம். சொம்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் சொம்பு என்றுதான் மூளை பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் திசை முக்கியம் என்பதைப் புதிதாகக் கற்க வேண்டும். ஏழு வயதுவரை பல குழந்தைகள் இப்படி மாற்றுவார்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு எழுத்துகளின் பெயர்களும் காதுக்கு ஒத்திருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது.

'கெடி'க்குத் தமிழ் எழுத்தே ஒரு காரணம். ஒற்றைக்கொம்பு முதலில் நிற்கிறது, ஒலிப்பதோ மெய்க்குப் பின்னால். 'கொ'வில் கொம்பும் காலும் இருபுறம் பிரிந்து நிற்க, நடுவில் 'க'. கண் காலைத் தவறவிட்டால் 'கெ' ஆகிவிடும். எனவே எழுத்தைக் காட்டும் முன் காதுக்குக் கொடுங்கள். 'க்' சொல்லி, 'ஒ' சொல்லி, சேர்த்து 'கொ' என்று அவனே சொல்ல வேண்டும். பிறகு அட்டையில் மூன்று துண்டுகளையும் அவன் கையால் அடுக்கட்டும். கெ, கொ, கே, கோ நான்கும் தடுமாறாமல் வந்த பின்பே அடுத்த மெய். தினமும் 20 நிமிடம், வாரம் ஐந்து நாள் போதும். களைத்தபின் நீட்டித்தால் ஊகித்துப் படிக்கப் பழகிவிடுவான்.

நெருக்கமான அச்சு இந்தக் குழந்தைகளுக்குக் கூடுதல் சிரமம். பக்கத்து எழுத்துகள் ஒன்றையொன்று மறைப்பதுபோல் ஆகிவிடும். இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் 2012இல் நடத்திய ஆய்வில், எழுத்து இடைவெளியைக் கூட்டியதுமே பிழைகள் குறைந்தன. நீங்கள் 16 பாயின்ட் எழுத்தில், எழுத்துக்கு எழுத்தும் சொல்லுக்குச் சொல்லும் தாராள இடம் விட்டு அச்செடுங்கள். கொம்பு மட்டும் தன் மெய்யை விட்டு விலகிவிடக் கூடாது. ஒரு வரி மட்டும் தெரியும்படி ஜன்னல் வெட்டிய அட்டையும் உதவும்.

காது கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் மதிப்பீடும் சிறப்புப் பயிற்சியும் தருகிறது. டிஸ்லெக்சியா அடங்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ளது. 8 வயதிலிருந்து சான்றிதழ் கேட்கலாம், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அது வேண்டும். கண் ரிப்போர்ட் வரட்டும் என்று இந்த மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டுக்கும் இந்த வாரமே தேதி வாங்குங்கள்.