கறி இல்லாத வேளையிலும் வயிறு நிறைய வேண்டும்: கேள்வி பதில்

வீட்டுச் சாப்பாட்டில் தாவர உணவைக் கூட்டுவது பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் காயை வைத்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் பசிக்கும். அந்த இடத்துக்கு வர வேண்டியது பருப்பும் பயறும்தான்.

அக்கா, எங்கள் வீட்டில் தினமும் கறியோ மீனோ வேண்டும். ‘இன்றைக்குக் காய்தான்’ என்றாலே கணவர் முகம் வாடிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

அவர் விரும்பிச் சாப்பிடுகிற பண்டத்திலிருந்தே தொடங்குங்கள். கொத்துக்கறி செய்கிற நாளில் கறியில் கால் பங்கைக் குறைத்துவிட்டு, முழு மசூர் பயறைக் குழையாமல் வேகவைத்துத் தண்ணீர் வடித்துச் சேருங்கள். கறியோடு சேர்த்தே வதக்கினால் பயறிலும் மசாலா ஏறிவிடும். அடுத்த முறை பாதிக்குப் பாதி. மறைக்கச் சொல்லவில்லை, கேட்டால் சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுப் பிடித்தபிறகு கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம்.

காளானும் கைகொடுக்கும், ஆனால் வதக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டி நன்றாகக் காய்ந்ததும் நெருக்கமில்லாமல் பரப்பிவிட்டு, கிளறாமல் விடுங்கள். முதலில் நீர் விடும். அது முழுக்கச் சுண்டி, ஓரம் சிவந்து, வாசம் வரும்வரை பொறுக்க வேண்டும். உப்பை அப்புறம் போடுங்கள். பாதியில் இறக்கினால் சவசவ என்றுதான் இருக்கும். ‘காளான் பிடிக்காது’ என்கிற பலர் அந்தப் பாதி வெந்த காளானைத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

புரதம் போதுமா? மாமியார் இதைத்தான் தினமும் கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 0.8 கிராம் என்பது பெரியவர்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 60 கிலோ எடை என்றால் 48 கிராம். வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கிறது. வெந்த சோயாபீன்ஸில் ஏறக்குறைய 17. ஒரு முட்டையில் சுமார் 6. பாக்கெட்டில் பருப்புக்கு 24 என்று போட்டிருப்பது உலர்ந்த பருப்பின் கணக்கு. அதைப் பார்த்துவிட்டு, தண்ணீராகக் கரைத்த பருப்பை ஒரு கரண்டி ஊற்றி ‘புரதம் ஆயிற்று’ என்று விட்டுவிடக் கூடாது. கெட்டியாக, ஆளுக்கொரு கிண்ணம் வேண்டும்.

புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. அவற்றில் லைசின் என்பது தானியத்தில் குறைவு, மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். இரண்டும் ஒரே வேளையில் இருக்க வேண்டியதில்லை, அந்த நாளுக்குள் வந்தால் போதும்.

பயறு வகை சாப்பிட்டாலே வாயுத் தொல்லை.

ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் நம் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைப்பதால்தான் வாயு. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முதல் சில வாரங்கள் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும்.

மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் ராஜ்மாவை அப்படியே போடலாமா?

கூடாது. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு உண்டு. இளஞ்சூட்டில் அது அழியாது, அரைகுறையாக வெந்தால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, நன்றாகக் கொதிக்கும் நீரில் 30 நிமிடம் வேகவிட்ட பிறகு அந்தப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

மகளுக்கு ரத்தசோகை. தினமும் கீரை கொடுத்தும் ஏறவில்லை, அக்கா.

கீரையோடு நிறுத்தாதீர்கள். செடிகளில் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதே வேளையில் எலுமிச்சைச் சாறோ, கொய்யாவோ, குடைமிளகாயோ சேர்ந்தால் வைட்டமின் சி அதை உறிஞ்ச உதவும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். முக்கியமாக, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டை நம்பாதீர்கள்.

முழுக்கவே சைவத்துக்கு மாறி, பாலும் முட்டையும் கூட விட்டுவிட்டோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

வைட்டமின் பி12. நம்பி இருக்கக்கூடிய தாவர உணவு இதற்கு இல்லை. பெரியவருக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் என்ற சின்ன அளவுதான், ஆனால் தொடர்ந்து குறைந்தால் நரம்பு பாதிக்கும். கல்லீரலில் உள்ள சேமிப்பு கொஞ்ச காலம் தாங்குவதால் குறைபாடு உடனே வெளியில் தெரியாது. பி12 சேர்த்த உணவோ மாத்திரையோ கட்டாயம். கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

2 வயதுக் குழந்தைக்கும் இதே சாப்பாடு போதுமா?

அப்படியே வேண்டாம். சின்ன வயிறு நார்ச்சத்திலேயே நிறைந்துவிடும், தேவையான கலோரி போய்ச் சேராது. பருப்பை மசித்து எண்ணெயோ நெய்யோ சேருங்கள். நிலக்கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். மைய அரைத்து மெல்லிசாகத் தடவிக் கொடுக்கலாம்.

அப்பா ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கீரையைக் கூட்டலாமா?

திடீரென்று கூட்ட வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். வழக்கமாகச் சாப்பிடும் அளவை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை பார்த்து மருந்தின் அளவை அவர் முடிவு செய்வார்.