வாசலில் நின்ற நாயகர்கள்

கேள்வி: மோசே, நந்தனார், சோகாமேளா என வெவ்வேறு மரபுகளிலும் வெளியே நிறுத்தப்பட்டவரே நாயகராகிறார். இதற்குக் காரணம் என்ன?
– வாசகி ஒருவர், தாராவி, மும்பை

பதில்: இரண்டு உலகங்களையும் அறிந்தவர் என்பதே முதற்காரணம். எபிரேயராகப் பிறந்து, பார்வோன் மகளின் பிள்ளையாக வளர்ந்து, மிதியானுக்குத் தப்பியோடிய மோசே, அங்கே பிறந்த மகனுக்கு, அந்நிய நாட்டில் பரதேசியானேன் என்னும் பொருள்பட, 'கெர்சோம்' என்று பெயரிட்டார். அரண்மனையின் நடைமுறையும் அடிமைகளின் துயரமும் அறிந்த ஒருவர்தாம் பார்வோன் முன் நின்று பேச முடிந்தது. ஆனாலும், அவர் கானான் நாட்டை நேபோ மலையிலிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே போகவில்லை.

நாயகரைக் கதை கடைசியில் எங்கே நிறுத்துகிறது என்பதைத்தான் நான் முக்கியமாகக் கவனிப்பேன். திருப்புன்கூரில் வாசலில் நின்ற நந்தனாருக்கு இறைவனைக் காண வழிவிட்டு நந்தி விலகியது. தில்லையிலோ அவர் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகே உள்ளே போகிறார். அவரை அவராகவே ஏற்கப் பெரியபுராணத்துக்கும் மனம் வரவில்லையே என்ற வருத்தம் எனக்கு என்றும் உண்டு.

சோகாமேளா நம் மும்பை வாசகர்களுக்கு இன்னும் அருகில் இருப்பவர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்; தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மகார் சமூகத்தில் பிறந்த அவர், கரும்பு கோணலானாலும் சாறு கோணலன்று, வெளித்தோற்றத்தில் ஏன் மயங்குகிறாய் என்று ஓர் அபங்கத்தில் (மராத்தி பக்திப் பாடலில்) கேட்டார். 1338இல் மங்கள்வேடாவில் சுவர் கட்டும் வேலையில் இருந்தபோது, அது இடிந்து விழுந்து இறந்தார். இடிபாடுகளில் கிடந்த எலும்புகளுள் பண்டரிபுரத்து இறைவனின் 'விட்டல' நாமம் ஒலித்தவற்றை, பக்திக் கவிஞரான நாமதேவர் காதில் வைத்துக் கேட்டுப் பொறுக்கியெடுத்துப் பண்டரிபுரத்துக்குக் கொண்டுவந்தார் என்பது விட்டலனை வழிபடும் வார்கரி பக்தர்களின் மரபு. சமாதி அமைந்த இடமோ விட்டலன் கோயிலுக்கு வெளியே, நாமதேவர் பெயரால் அழைக்கப்படும் வாசற்படிக்கு எதிரே. ஆஷாட ஏகாதசிக்கு நடந்து வருவோர் அதைத் தொட்டு வணங்கிவிட்டு உள்ளே செல்கிறார்கள்.

அவருடைய அபங்கங்களை அத்தனை காலம் பாடி வந்த அதே கோயிலில், அவருடைய சமூகத்தார் நுழைவதற்கு 1947இல் மராத்தி எழுத்தாளரும் விடுதலைப் போராட்ட வீரருமான சானே குருஜி உண்ணாநோன்பு இருக்க வேண்டியிருந்தது.